பழைய இசைத்தட்டுகளின் தரநிர்ணயமும் வாணிகமும் – மாஹிம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இசைத்தட்டு கேட்பவருக்குப் பாட்டு; விற்பவருக்குப் பண்டம்; வரலாற்றாய்வாளருக்கு ஆவணம். ஓலைச்சுவடியையும் கல்வெட்டையும் ஆவணமாகக் கொள்ளப் பழகிய தமிழாய்வுலகம், மூன்று நிமிடக் குரலைத் தாங்கிய அரக்குத் தட்டையும் அவ்வாறு கொள்ளத் தொடங்கியது மிகவும் பிற்பட்ட காலத்திலேயே ஆகும். அதற்குள் தட்டுகளில் பெரும்பகுதி உடைந்தும் தேய்ந்தும் எடைக்குப் போயும் மறைந்துவிட்டன. எஞ்சியவற்றைப் பேணியவை பெரும்பாலும் நூலகங்களோ பல்கலைக்கழகங்களோ அல்ல. பழம்பொருள் வணிகரும் தனியார் சேகரிப்பாளருமே அவற்றைக் காத்தனர். ஆதலின் எத்தட்டு எஞ்சிற்று, எத்தட்டு அழிந்தது என்பதை அவர்கள் கையாண்ட தர அளவுகோலே பெரிதும் முடிவுசெய்தது எனலாம். அவ்வளவுகோல் எங்குத் தோன்றியது, தமிழ்த் தட்டுகளுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

இவ்வாய்வுக்கு மும்பையின் மாஹிம் வட்டாரம் தக்க களமாக அமைகிறது. தட்டின் வாழ்க்கையில் உள்ள எல்லாக் கட்டங்களையும் இங்குச் சில கல் தொலைவுக்குள் காணலாம். கிழக்கே வடாலாவில் தட்டு அழுத்தும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. இடையில் உள்ள மாதுங்காவில் தட்டை வாங்கிக் கேட்ட தென்னிந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. மாஹிம் இருப்புப்பாதையை ஒட்டிய தாராவியில், நகரம் கழித்த பொருள்களைத் தரம்பிரித்து விற்கும் பெருந்தொழில் வளர்ந்தது. 2010-களின் நடுப்பகுதியில் மாஹிமிலேயே 'ரிவால்வர் கிளப்' என்னும் பெயரில் இசைத்தட்டுக் கடை ஒன்று தோன்றியது. ஆக்கம், நுகர்வு, கழிவு, மறுவாழ்வு என்னும் நான்கையும் ஒரே வட்டாரத்தில் தொடர்ந்து நோக்க இயலுவது அரிய வாய்ப்பாகும்.

தட்டு வந்த வழி

இந்தியாவில் முறையான தட்டுப் பதிவு 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. இலண்டனிலிருந்து கிராமபோன் கம்பெனியின் சார்பில் வந்த எஃப். டபிள்யூ. கைஸ்பெர்க் அங்குப் பாடகியர் பலரின் குரலைப் பதிவுசெய்தார். அவர்களுள் கௌஹர் ஜான் புகழ்பெற்றவர். பதிவான மெழுகுத் தகடுகள் செருமனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டுகளாக அழுத்தப்பட்டன. பாடியவர் யாரென அயல்நாட்டுத் தொழிலாளர் அறியும் பொருட்டுப் பாட்டின் முடிவில் பாடகர் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. தொழிற்சாலையின் தேவைக்காக எழுந்த இவ்வழக்கம் இன்று ஆய்வாளருக்குக் கிடைத்த கொடையாகிவிட்டது. மேலொட்டிய தாள் அழிந்துபோன தட்டிலும் பாடகரின் பெயர் குரலிலேயே நிற்கிறது.

1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டுத் தொழிற்சாலை அமைந்தது. 1928-இல் அது டம்டமுக்கு மாறியது. தென்னாட்டிலும் 1920-களின் இறுதியிலிருந்து இசைத்தட்டு வாணிகம் பெருகிற்று. சென்னையில் முகவர்களாக இருந்தோரே பதிவுக்கூடம் அமைத்துப் பாடகரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு உயர்ந்தனர். ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் பங்காளியாக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் முத்திரையில் வெளியிட்ட தட்டுகள் இதற்குச் சான்றாகும். திரைப்படத் துறையில் ஏ. வி. எம். என்னும் நிறுவனம் எழுவதற்கு முன்பே அதன் வேர் தட்டு வாணிகத்தில் ஊன்றியிருந்தது. இக்காலத் தென்னிந்திய இசைப் பெருக்கத்தை ஸ்டீபன் ஹியூஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். நாடக மேடைப் பாடல்கள் தட்டுகளின் வழியே நாட்டுப்பற்றைப் பரப்பியதைத் தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

தட்டோடு பாட்டுப் புத்தகமும் அச்சாகி விற்றது. இது தமிழாய்வுக்கு இன்றியமையாத செய்தியாகும். புத்தகம் கிடைத்துத் தட்டு கிடைக்காத பாடல்கள் பல. சொல் நமக்கு உண்டு, குரல் இல்லை. 1994-இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை தாளைக் காக்கும் பணியில் பெரிதும் வென்றுள்ளன. அரக்குத் தட்டைக் காப்பது அதனினும் கடினம்.

வடாலாத் தொழிற்சாலை

பம்பாயில் 1935-இல் 'நேஷனல் கிராமபோன் ரெக்கார்ட் மானுபாக்சரிங் கம்பெனி' தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை வடாலாவில் இருந்தது. அதன் தட்டுகள் 'யங் இந்தியா' என்னும் முத்திரை தாங்கின. அயல்நாட்டுப் பெருநிறுவனம் ஒன்று ஏறத்தாழ முழுச் சந்தையையும் கைக்கொண்டிருந்த காலத்தில், சுதேசி உணர்வோடு எழுந்த முயற்சி இது. பெயரே அதைப் பறைசாற்றுகிறது. இருபது ஆண்டுகள் இயங்கி 1955-இல் இது மறைந்தது.

சந்தையில் யங் இந்தியா தட்டுகளின் நிலை கருதத்தக்கது. அறிமுகமான பாடகர் பலர் பெருநிறுவனங்களோடு ஒப்பந்தம் கொண்டிருந்தமையால், புதிய பாடகரும் வட்டாரக் கலைஞருமே இத்தகைய சிறு முத்திரைகளில் மிகுதியாக இடம்பெற்றனர். அன்று பெயர் பெறாதவர் பாடிய தட்டு குறைந்த எண்ணிக்கையிலேயே அழுத்தப்பட்டது. குறைந்த எண்ணிக்கையில் அழுத்தப்பட்டது இன்று அரிதாயிற்று. ஆயினும் அரிது என்பதனால் மட்டும் விலை ஏறிவிடுவதில்லை. தேடுவோர் இருந்தால்தான் அருமைக்கு விலையுண்டு. புகழ்பெற்ற இந்தித் திரைப்படத் தட்டுக்கு உரிய விலையில் ஒரு சிறு பங்கும், அதனினும் பன்மடங்கு அரிய மாநில மொழித் தட்டுக்குக் கிடைப்பதில்லை என்பதே சந்தையின் இயல்பு.

மாதுங்காவின் தென்னிந்தியர் குடியிருப்பு இக்காலத்தில்தான் வேரூன்றியது. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952-இல் தொடங்கிய சண்முகானந்த சபை 1963-இல் தன் பேரரங்கை எழுப்பியது. தமிழ்ப் படங்களைத் திரையிட்ட அரோராத் திரையரங்கும் இப்பகுதியினதே. கச்சேரி கேட்கும் பழக்கமும் படம் பார்க்கும் பழக்கமும் ஒருங்கே அமைந்த இக்குடியிருப்பில் தட்டும் இடம்பெற்றது இயல்பே. மறுபுறம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல்தொழில் செய்த குடும்பங்களும் தமிழரே. பாட்டுக்கு இரு சாராரும் உரியவர். வீட்டில் கிராமபோன் வைத்துக்கொள்ளும் வசதி இரு சாராருக்கும் ஒத்ததன்று. எச்சமாகக் கிடைக்கும் தட்டுத் தொகுதிகளைக் கொண்டு மும்பைத் தமிழரின் இசை விருப்பத்தை மதிப்பிடுவோர் இதை மறத்தலாகாது.

அரக்கும் ஊசியும்

தரநிர்ணயத்தை விளங்கிக்கொள்ளத் தட்டின் உடற்கூற்றை அறிதல் வேண்டும். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டு அரக்கால் ஆனது என்பர். உண்மையில் அரக்கு அதில் பிணைப்புப் பொருளே, பெரும்பகுதி கல்மாவு. கரி நிறமூட்டும், பஞ்சுத்தூள் வலுவூட்டும். அரக்கு விளைந்த இடம் பெரும்பாலும் நம் சோட்டா நாகபுரிக் காடுகள். இராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னுமிடத்தில் 1924-இல் அரக்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கு அரக்கின் உலகச் சந்தையே காரணம். இரண்டாம் உலகப்போரின்போது 1942-இல் அமெரிக்க அரசு தட்டுக்கு அரக்கைப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டுகள் மூலப்பொருளுக்காகத் திரட்டப்பட்டு அரைக்கப்பட்டன. அரைபட்டவற்றுள் எவை இருந்தன என்பதற்குக் கணக்கில்லை.

கல்மாவு சேர்ந்த தட்டு உராய்வுக் கல்லைப் போன்றது. எஃகு ஊசியின் முனை முதற் சில சுற்றுகளிலேயே தேய்ந்து வரிப்பள்ளத்தின் வடிவுக்கு இசைந்துவிடும். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்றுதல் வேண்டும் என்று விதித்தனர். இருநூறு ஊசிகள் அடங்கிய சிறு தகரப் பெட்டிகள் விற்றது இதனால்தான். சிக்கனம் கருதி ஒரே ஊசியைப் பலமுறை ஓட்டிய வீடுகள் எத்தனையோ! தேய்ந்த ஊசி உளியாகித் தட்டைச் செதுக்கியது. ஒலிப்பெட்டியின் பாரம் நூறு கிராமுக்கு மேற்பட்டது. இக்கால இயக்கிகளின் முள் இரண்டு கிராம் அளவே அழுத்துகிறது என்பதோடு இதை ஒப்பிட்டால் பழந்தட்டு பட்ட பாடு விளங்கும். உரத்த சுரங்கள் வரும் இடங்களில் வரிப்பள்ளம் முதலில் சாம்பல் நிறம் அடையும். கருமையின் பளபளப்பு மாறிச் சாம்பல் படர்ந்த தட்டைக் கண்டால், அப்பாட்டு ஒரு வீட்டில் மிகவும் விரும்பப்பட்டது என்று பொருள்.

1950-களின் இறுதியிலிருந்து வினைல் என்னும் நெகிழித் தட்டு இந்தியாவில் பரவியது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாட இடம் கிடைத்தமையால் கச்சேரி உருப்படிகளைச் சுருக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. ஆயினும் 78 சுற்றுத் தட்டு இங்கு உடனே ஓயவில்லை. ஏறத்தாழ 1970 வரை டம்டமில் அழுத்தப்பட்டது. மேலைநாடுகள் கைவிட்ட வடிவத்தில் 1960-களில் 'பீட்டில்ஸ்' குழுவின் பாடல்கள் இந்தியாவில் வெளிவந்தன. அத்தட்டுகள் பின்னர் உலகச் சேகரிப்பாளரிடையே பெரும் விலை பெற்றன. நம் நாட்டுத் தட்டு ஒன்றை உலகம் விலைகொடுத்துத் தேடிய காரணம் அதில் இருந்த நம் நாட்டுப் பாட்டன்று என்பது சற்றே நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது.

மழையும் கடற்காற்றும் மும்பையில் தட்டுக்குப் பகை. அரக்குத் தட்டிலுள்ள பஞ்சுத்தூள் ஈரம் ஏற்றுப் பூசணத்துக்கு இடம் தரும். வினைலைப் பூசணம் அரிப்பதில்லை எனினும் அதன் தாளுறையும் அட்டையும் அதற்கு இரையாகும். உறையின் கறை தட்டின் மேல் படியும். சுத்தம் செய்யப் புகுவோர் செய்யும் கேடு அதனினும் பெரிது. சாராயக் கலவை வினைலுக்கு அளவோடு ஏற்கும், அரக்கையோ கரைத்துவிடும். வினைலுக்குரிய முறையை அரக்குக்குக் கையாண்டு ஒரே துடைப்பில் தட்டை அழித்தவர் உண்டு.

தர அளவுகோல்கள்

தட்டை நேரில் பார்த்து வாங்கும் காலத்தில் தரச்சொல் தேவைப்படவில்லை. அஞ்சல்வழி விற்பனையே அச்சொல்லைப் பிறப்பித்தது. இங்கிலாந்தில் 1953-இல் தொடங்கிய 'விண்டேஜ் ஜாஸ் மார்ட்' என்னும் இதழ் 78 சுற்றுத் தட்டுகளுக்கெனப் புதியது, மிகச்சிறந்தது, மிகநன்று, நன்று, சுமார், மோசம் என்னும் ஆறு படிகளையும், ஒவ்வொன்றுக்கும் கூட்டல் கழித்தல் குறிகளையும் வழக்கிற்குக் கொணர்ந்தது. 1974-இல் அமெரிக்காவில் தோன்றிய 'கோல்டுமைன்' இதழின் முறை வினைல் தட்டுகளை மனங்கொண்டது. 'மின்ட்' எனப்படும் முழுப்புதுமை, அதை நெருங்கியது, மிகநன்று கூட்டல், மிகநன்று, நன்று எனக் கீழிறங்கும் அம்முறையே 2000-இல் தொடங்கிய 'டிஸ்காக்ஸ்' இணையத் தொகுப்பின் வழி உலகப் பொதுமுறையாயிற்று.

இம்முறையில் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியைச் சுட்டாமல் இருக்க இயலாது. 'நன்று' என்று குறிக்கப்பட்ட தட்டு நன்றாக இராது, இரைச்சல் மிகுந்திருக்கும். 'மிகநன்று' என்பது நடுத்தரமே. விலை இதைத் தெளிவாகக் காட்டும். முழுப்புதுமையை நெருங்கிய தட்டின் விலையை நூறு எனக் கொண்டால் மிகநன்று கூட்டல் ஐம்பதும், மிகநன்று இருபத்தைந்தும், நன்று பத்து முதல் பதினைந்தும் பெறும் என்பது இம்முறை சார்ந்த பொதுக் கணக்கு. ஒரு படி இறங்கினால் விலை பாதியாகிறது. எனவே வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான வழக்கு முழுதும் அந்த ஒரு படியைப் பற்றியதாகவே உள்ளது. நேர்மையான வணிகர் தரத்தை ஒரு படி குறைத்தே சொல்வார். பெயர் நிலைக்க அதுவே வழி என்பது அத்தொழிலில் பழகியோர் கூற்று.

தட்டுக்கும் உறைக்கும் தனித்தனித் தரம் கூறுதல் மரபு. தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பர். நகத்தில் தட்டுப்படும் கீறலையும் படாத கீறலையும் பிரித்துரைப்பர். அரக்குத் தட்டாயின் விளிம்புச் சில்லு, மயிரிழை விரிசல் ஆகியவற்றைக் குறிப்பர். மயிரிழை விரிசலைக் காண்பதற்குப் பார்வையினும் செவியே உதவும். தட்டை விரல்நுனியில் தாங்கி மெல்லச் சுண்டினால் முழுத்தட்டு ஒலிக்கும், விரிசல் தட்டு மந்தமாய் அடங்கும். குடம் வாங்கும் தமிழ்ப்பெண் செய்யும் சோதனையே இது!

பதிப்பைக் கண்டறிதல் இரண்டாவது கலை. தட்டின் நடுவே தாளுக்கும் வரிப்பள்ளத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் பொறித்த அச்சு எண் எந்தப் பதிவு என்பதை உணர்த்தும். ஒட்டுத்தாளின் நிறம், முத்திரை, அழுத்திய ஊரின் பெயர் ஆகியன காலத்தை உணர்த்தும். இறகால் எழுதும் தேவதை உருவம் தாங்கிய தட்டு, தமிழகத்தில் 'நாய் மார்க்' என வழங்கிய எச். எம். வி. தட்டுக்கு முற்பட்டது. சுவடியியலார் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பதை இது பெரிதும் ஒத்திருக்கிறது.

பங்கார்க் கடையிலிருந்து காட்சி அடுக்குக்கு

1980-களில் ஒலிநாடா மேலோங்கியபின் வீடுகள் தட்டுகளை வெளியேற்றத் தொடங்கின. முதியவர் மறைந்தார், வீடு விற்கப்பட்டது, பெட்டியோடு தட்டும் வெளியேறியது. வெளியேறும் வழி இரண்டு. தாள், அட்டை வாங்கும் ரத்திவாலாவிடமோ, உலோகம், நெகிழி வாங்கும் பங்கார்வாலாவிடமோ அது சேரும். 'பங்கார்' என்னும் மராத்தி, இந்திச் சொல்லைத் தாராவித் தமிழரும் தமிழ்ச் சொல்போலவே வழங்குவர். அங்கு முதன்முதலாக ஒரு தரநிர்ணயம் நிகழ்கிறது. அது கோல்டுமைன் முறையன்று. எடைக்கு விற்பதா, எண்ணிக்கைக்கு விற்பதா என்னும் முடிவு மட்டுமே. அட்டையில் அறிந்த நடிகர் முகம் இருந்தால் சோர் பசாரின் மட்டன் தெருவுக்குப் போகும். முகமில்லா உறையில் கிடக்கும் 78 சுற்றுத் தட்டு, அதிலும் அங்குள்ளோர் படிக்க அறியாத தமிழ் எழுத்துத் தாங்கியது, எதற்கும் ஆகாததாக ஒதுக்கப்படும். நெகிழித் தட்டை உருக்கி மறுபடி பயன்கொள்ளலாம். அரக்குத் தட்டுக்கு அந்த மதிப்பும் இல்லை.

இந்நிலையில் 1990-ஆம் ஆண்டு மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. ஆத்திரேலிய ஆய்வாளர் மைக்கேல் கின்னியர் இதற்கு வித்திட்டார். இயற்பியல் துறையைச் சார்ந்த சுரேஷ் சாந்த்வாங்கர் செயலாளராக நெடுங்காலம் உழைத்தார். சங்கத்தின் 'த ரெக்கார்ட் நியூஸ்' இதழ் தட்டுகளின் அச்சு எண், முத்திரை வரலாறு, பாடகர் வரலாறு ஆகியவற்றை வெளியிட்டது. யங் இந்தியாவின் வரலாறு பதிவுபெற்றதும் இவ்வட்டத்தாரின் முயற்சியாலேயே. கின்னியர் 1899 முதல் 1908 வரையிலான கிராமபோன் கம்பெனிப் பதிவுகளைத் தொகுத்த பட்டியல் 1994-இல் மும்பையிலேயே நூலாயிற்று. பட்டியலின்றித் தரநிர்ணயம் இல்லை. ஒரு தட்டு அரிதா என்று கூற, முதலில் எவை வெளிவந்தன என்பது தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ?

காலா கோடாவில் பல்லாண்டு விளங்கிய ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் மாஹிமில் ரிவால்வர் கிளப் போன்ற கடை வேர்கொண்டது என்பது முரணாகத் தோன்றலாம். குறுந்தகட்டை இணையம் வீழ்த்தியது; கையில் ஏந்திப் பார்க்கத்தக்க தட்டு அதே இணையத் தலைமுறையால் மீட்கப்பட்டது. தமிழ்த் தட்டுகளுள் இவ்வலையால் உயர்ந்தவை பெரும்பாலும் இளையராஜாவின் நெகிழித் தட்டுகள். 1976-இல் வந்த 'அன்னக்கிளி'யின் காலம் தொடங்கி 1986-இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' வரை இவை தேடப்படுகின்றன. நாடகக் காலத்து அரக்குத் தட்டுகளுக்கு இவ்வலையின் பயன் எட்டவில்லை.

தேய்ந்த தட்டின் மதிப்பு

எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல் தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். திரைப்படம் எதிலும் அவர் தோன்றவில்லை. தமிழ் நாடக மேடையை ஆண்ட அக்குரலுக்கு இன்று தட்டைத் தவிர வேறு சான்று இல்லை. முதிர்ந்த வயதில் 1930-களில் தட்டுக்கு வாசித்து 1938-இல் மறைந்த வீணை தனம்மாளுக்கும் இந்நிலை பெரிதும் பொருந்தும். இத்தகைய தட்டுகள் புகழ்மிக்கவை. ஆதலால் இடைவிடாது சுழன்றவை. ஆதலால் சாம்பல் படர்ந்தவை. கோல்டுமைன் கண்ணால் நோக்கின் இவை 'சுமார்', 'மோசம்' என்னும் கடைப்படியில் நிற்கும். அப்படிக்கு விலையில்லை, விலையில்லாததை வணிகர் ஏற்பதில்லை, ஏற்காதது குப்பைக்குப் போகும். யாரும் கேளாமல் உறையில் உறங்கிய தட்டோ 'முழுப்புதுமை' என்னும் சிறப்பைப் பெறும். ஒரே பாட்டின் இலட்சம் படிகள் கிடைக்கும் நாட்டில் இது தீங்கன்று. பத்துப் படிகளும் எஞ்சாத இடத்தில் இவ்வளவுகோல் ஆவண அழிவுக்குத் துணைபோகிறது.

மேலும் கண்ணால் கண்ட தேய்வு காதால் கேட்கும் தேய்வாக இருக்கவேண்டும் என்பதில்லை. பழைய எஃகு ஊசி வரிப்பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தையே அரித்திருக்கும். 78 சுற்றுத் தட்டுக்குரிய முள் ஏறத்தாழ எழுபத்தைந்து மைக்ரான் அகலம் உடையது. வினைலுக்குரியது அதில் மூன்றில் ஒரு பங்கே. அரக்குத் தட்டில் வினைல் முள்ளை இட்டால் அது பள்ளத்தின் அடியில் புரண்டு இரைச்சலை மட்டுமே தரும். பல கடைகளில் 'இத்தட்டு ஓடாது' என்று தள்ளப்படுவதற்கு இதுவே காரணம். வெவ்வேறு அகலமுள்ள முட்களை மாற்றி ஓட்டிப் பார்த்தால் ஊசி தொடாத சுவர்ப்பகுதி ஒன்று அகப்படக்கூடும். அங்கே குரல் இன்னும் தெளிவாகவே இருக்கும். 'மோசம்' எனக் குறித்த தட்டிலிருந்து கேட்கத்தக்க படி எடுத்தல் இம்முறையால் இயலும். விரிசல் கண்ட தட்டையும் இரு துண்டும் கிடைத்தால் பொருத்திப் பலகையில் இருத்தி ஓட்டலாம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை கேட்கும் தட்டொலியைக் கணிப்பொறியால் நீக்கலாம்.

ஆகவே தமிழ்த் தட்டுகளுக்கு விலைத்தரம், ஆவணத்தரம் என இரண்டை வேறுபடுத்திக் குறித்தல் வேண்டும். அச்சு எண்ணும் பாடகர் பெயரும் முதலில் எழுதப்படவேண்டும். அப்பதிவின் வேறு படி எங்கேனும் உள்ளதா என்பது அடுத்து. கீறலும் சாம்பலும் அதற்குப் பின்னரே. எழுத்துத் தேய்ந்த கல்வெட்டைக் கண்ட கல்வெட்டாய்வாளர் அதை 'மோசம்' என எழுதித் தள்ளுவதில்லை, படியெடுக்கிறார். மாஹிமுக்கும் தாராவிக்கும் இடையில் எடைத்தராசுக்கு வந்துசேரும் பெட்டியைத் திறந்து, தமிழ் எழுத்துத் தாங்கிய ஒட்டுத்தாளைப் படிக்க ஒருவர் அருகில் இருந்தாலே முதற்படியான அப்பட்டியலைத் தொடங்கிவிடலாம். எழுத்தறிந்த தமிழருக்கு அவ்வட்டாரத்தில் குறைவில்லை.